ஜாடியில் வந்த ஒயின்

எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பால் பாக்கெட்டை வெட்டினால்கூட முதலில் மூக்கு, அப்புறம்தான் பாத்திரம். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பழகிவிட்டார்.

என் வேலை அப்படி. கப்பலூர் தொழிற்பேட்டையில் மல்லிகைப்பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் சின்ன ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் ஆய்வகம் என் பொறுப்பு. வேதியியல் படித்து முடித்ததும் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வெளியாட்களிடம் வாங்கும் சாற்றில் மலிவான செயற்கை வாசனையைக் கலந்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது முக்கியமான வேலை. கருவி இருக்கிறது. ஆனால் கருவி சொல்வதற்குள் மூக்கு சொல்லிவிடும். மெல்லிய காகிதப் பட்டையை நனைத்து, காயவிட்டு, விட்டு விட்டு முகர்வேன். கலப்படச் சாறு முதல் மூச்சுக்கு அசலைவிட அழகாகவே இருக்கும். காயக் காயத்தான் பல்லைக் காட்டும்.

எங்கள் முதலாளியை ஆலையில் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்து, அதிலிருந்து ஆலைக்கு வந்தவர். படிப்பு அதிகமில்லை, கணக்கு அபாரம். ஒருநாள் ஆய்வகத்துக்குள் வந்து, நான் பட்டையை முகர்ந்துகொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"சனிக்கெழம சாயந்தரம் சோலி இருக்காம்மா?"

"எதுக்குண்ணே?"

"ஒரு சரக்க மோந்து பாக்கணும்."

எங்கள் இடத்தில் சரக்கு என்றால் பூச்சாறு. சரி என்று தலையாட்டிவிட்டேன். அதன் பிறகுதான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். ரிங் ரோட்டுப் பக்கமிருக்கும் பெரிய ஹோட்டலில் இத்தாலி ஒயின் திருவிழா நடக்கிறது, வருகிறவர்கள் இலவசமாக ருசி பார்க்கலாம். நடத்துகிறவர் அவருடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பல வருடங்கள் இத்தாலியக் கப்பலில் சமையல் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். தென்மாவட்டத்து ஹோட்டல்களுக்கெல்லாம் இத்தாலி ஒயின் சப்ளை செய்யப்போவதாகவும், அதில் பங்காளியாகச் சேரும்படியும் அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

"எனக்கு அதப் பத்தி ஒண்ணுந் தெரியாது. ஒன் மூக்கு மேலதான் நம்பிக்க. வந்து மோந்து பாத்து, நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லு."

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. மதுரையில் எதற்கு இத்தாலி ஒயின்? இலவசமாக ஊற்றிக் கொடுத்தால் நடத்துகிறவருக்கு என்ன லாபம்? ஒயின் தெரிந்தவர்கள் சென்னையில் எத்தனையோ பேர் இருப்பார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடிக்காத என்னை அண்ணன் எதற்குக் கூப்பிடுகிறார்?

என் கணவர் ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். வீடும் அங்கேதான். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த விடைத்தாளைக் கீழே வைத்தார்.

"ஒயின் ஷாப்புக்கா போற?"

"ஷாப் இல்ல, திருவிழா."

"குடிக்கணுமா?"

"வாயில வச்சுட்டுத் துப்பிரலாமாம்."

"துப்புறதுக்கா இம்புட்டு செலவு பண்றாய்ங்க?"

சனிக்கிழமை அவரே பைக்கில் கொண்டுவந்து ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வரமாட்டேன் என்றார். கிளம்பும்போது போன் பண்ணு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாலுக்குள் நுழைந்ததும் என் மூக்கில் பட்டது ஒயின் இல்லை. எலுமிச்சை வாசனை ஸ்பிரே. ஏசி காற்றில் அதை அடித்துவிட்டிருந்தார்கள். வாசம் பார்த்து வாங்க வேண்டிய பொருளை வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே யாராவது வாசனை தெளிப்பார்களா? ஒன்று விவரம் தெரியாதவராக இருக்க வேண்டும், இல்லை எதையோ மறைக்கிறவராக இருக்க வேண்டும். வாசலிலேயே மனதுக்குள் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டேன்.

போட்டோ எடுக்கிறவர் ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் நான் தூணுக்குப் பின்னால் போனேன். கையில் கிளாஸோடு என் படம் எங்காவது வந்துவிட்டால், எங்கள் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு வருடத்துக்கு வேறு பேச்சே இருக்காது.

நடத்துகிறவர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி. அவர்மேல் அடித்த சென்ட் அறையின் எலுமிச்சையைத் தோற்கடித்தது.

"வா மாப்ள! இவங்கதான் ஒன்னோட ஆய்வகத்தம்மாவா? நல்லா மோந்து பாக்கச் சொல்லு. நம்மகிட்ட ஒளிவு மறைவே கெடையாது."

கேட்காமலேயே ஒளிவு மறைவு கிடையாது என்கிறாரே என்று பட்டது.

வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஊர் ஒயின். முதல் மேசையில் வெள்ளை ஒயின் ஒன்றைக் கொஞ்சம் ஊற்றித் தந்தார்கள். நான் குடிக்காதவள், ஆனால் ருசி பார்க்காமல் முகர்ந்ததை மட்டும் வைத்துச் சொல்வது அரைகுறை வேலை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். காயாக இருக்கும் நார்த்தங்காயைக் கடித்ததுபோல் இருந்தது. ஈறெல்லாம் சூடு பரவியது. அதற்கென்று வைத்திருந்த வாளியில் துப்பினேன். பழக்கமில்லாததால் பாதி சேலையில் விழுந்தது. அண்ணன் துப்பவில்லை. கஷாயம் குடிக்கிற முகத்தோடு ஒவ்வொன்றையும் விழுங்கிக்கொண்டே வந்தார்.

கடைசி மேசையில் ஒரு இத்தாலியப் பெண் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கத்தரித்த நரைமுடி, வெயிலில் கறுத்துக் காய்த்த கைகள். வடக்கு இத்தாலியில் மலைச்சரிவில் சொந்தத் தோட்டம், தானே ஒயின் செய்கிறாராம். அந்த ஹாலில் சென்ட் அடிக்காமல் வந்திருந்தது அவரும் நானும் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அவர் முதலில் தந்தது லேசாக நுரைக்கும் இனிப்பு வெள்ளை ஒயின். மூக்கருகே கொண்டுபோனதும் நிமிர்ந்துவிட்டேன். எங்கள் ஆலை வாசம். மல்லிகைச் சாற்றில் லினலூல் என்று ஒரு வாசனைப் பொருள் உண்டு. அதைச் செயற்கையாகச் செய்து டப்பா டப்பாவாக விற்கிறார்கள். எங்களை ஏமாற்ற வருகிறவர்கள் முதலில் கலப்பதே அதைத்தான். மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இதில் வாசனை சேர்த்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

நடத்துகிறவர் முகம் சுருங்கியது. அந்தப் பெண்ணோ கோபப்படவில்லை. குனிந்து மேசைக்கு அடியிலிருந்து புது பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியின் மேல் இருந்த தாள் கிழியாமல் இருப்பதை என் கையில் கொடுத்துக் காட்டினார். பிறகு என் கண் முன்னாலேயே திறந்து ஊற்றினார். அதே வாசம்.

"நான் சேர்க்கவில்லை. இந்தத் திராட்சையின் தோலிலேயே இது இருக்கிறது."

கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கம்பம் பக்கமிருந்து வரும் பன்னீர் திராட்சை ஞாபகம் வந்தது. கூடையை இறக்கும்போதே பூ வாசம் அடிக்கும். அதில் யார் எதைக் கலக்கிறார்கள்? அதை அவரிடம் சொன்னேன்.

"அப்படியென்றால் அது இந்தத் திராட்சைக்கு உறவாக இருக்கும்" என்றார் அவர். அதற்குப் பிறகு அவருக்கு என்னிடம் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. என் வேலையைப் பற்றிக் கேட்டார். கைப்பையில் வைத்திருந்த மல்லிகைச் சாற்றுக் குப்பியைத் திறந்து காட்டினேன். கண்ணை மூடி முகர்ந்தவர் கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. தன் பெயர் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் எழுதச் சொன்னார்.

"என்னம்மா, மூக்கு சறுக்கிருச்சா?" என்றார் அண்ணன்.

எனக்குக் காது சுட்டது. "ஆமாண்ணே" என்றேன்.

அடுத்தது சிவப்பு ஒயின். அதை ஊற்றும்போது மட்டும் அந்தப் பெண்ணின் கை சிக்கனமாகிவிட்டது. அனுப்பிய பெட்டிகள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன, விமானத்தில் கூடவே கொண்டுவந்த சில பாட்டில்கள்தான் இருக்கின்றன என்றார். முகர்ந்தேன். காய்ந்த ரோஜா இதழ். அதன் பின்னால் புதிதாகப் போட்ட ரோட்டின் தார் வாசம். இரண்டும் ஒன்றாக வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். வாயில் வைத்தால் மாதுளைத் தோலைக் கடித்தது போன்ற துவர்ப்பு. துப்ப மனம் வரவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பழக்கம் விடாமல் ஒரு காகிதப் பட்டையை அதில் நனைத்துக் காயவைத்து, உறைக்குள் போட்டுக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன்பே அந்தப் பெண் கிளம்பிவிட்டார். சென்னைக்கு விமானம். மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நடத்துகிறவர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அதன் பிறகுதான் பெரிய கூட்டம் வந்தது. டாக்டர்கள், மில் முதலாளிகள், கட்டடம் கட்டுகிறவர்கள். நடத்துகிறவர் மைக்கைப் பிடித்து, இன்றைய நிகழ்ச்சியின் ராஜா வரப்போகிறார் என்றார். அந்த இத்தாலியப் பெண்ணின் சிவப்பு ஒயின்தான் ராஜா. பரிமாறுகிறவர்கள் பெரிய கண்ணாடி ஜாடிகளில் கொண்டுவந்து எல்லோருக்கும் தாராளமாக ஊற்றினார்கள். நல்ல ஒயினை ஜாடிக்கு மாற்றி மூச்சுவிட வைத்தால்தான் ருசி திறக்கும் என்று மைக்கில் விளக்கம். மேசையில் அந்தப் பெண்ணின் பெயர் ஒட்டிய காலி பாட்டில்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

நான் ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று தீர்வதற்குள் அடுத்தது வந்தது. கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஊற்றிய ஒயின் எங்கிருந்து இப்படிப் பெருகுகிறது?

ஒரு கிளாஸை வாங்கி முகர்ந்தேன். திராட்சை சோடா.

அந்த வாசத்துக்குக் காரணமான பொருளும் மல்லிகையில் கொஞ்சம் உண்டு. அதன் பெயர் நீளமானது. ஆய்வகத்தில் நாங்கள் சுருக்கமாக ‘திராட்சை’ என்றே சொல்வோம். சோடாவுக்குப் போடும் எசன்ஸ் அதுதான். நம்மூரில் மலிவாகக் கிடைக்கும் இனிப்பு ஒயினில் போடுகிற கறுப்புத் திராட்சையிலும் அதுதான் தூக்கலாக இருக்கும். அந்தப் பெண் ஊற்றிய சிவப்பில் அது துளிகூட இல்லை.

ஆனால் ஒருமுறை சறுக்கிய மூக்கு. சட்டென்று வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. கிளாஸ் சரியாகக் கழுவாததாக இருக்கலாம். வேறு கிளாஸ் கேட்டு, வேறு ஜாடியிலிருந்து, வேறு ஆளிடம் வாங்கினேன். அதே சோடா. பட்டையை நனைத்து, சுவரோரம் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து காயவிட்டேன். எதிரே ஒரு டாக்டர் கிளாஸைச் சுழற்றி, மண் வாசம் வருகிறது பாருங்கள் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டை நன்றாகக் காய்ந்த பிறகு, உறையிலிருந்த பழைய பட்டையை எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தேன். பழையதில் ரோஜாவும் தாரும் மெலிந்து இன்னும் இருந்தன. புதியதில் காய்ச்சிய சர்க்கரை மட்டும் பிசுபிசுவென்று நின்றது.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இது அந்தம்மா ஊத்துனது இல்ல."

"ஒறுதியாவா?"

"ஒறுதியா. உள்ளூர்ல வாங்குன மலிவு சரக்கு. அந்தம்மா போகட்டும்னு காத்திருந்து எறக்கியிருக்காங்க."

அவர் அதிர்ச்சி அடைவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கையிலிருந்த கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு, நேராக நடத்துகிறவரிடம் போய்த் தோளில் கைபோட்டு ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். வெள்ளைக் கோட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். அண்ணன் திரும்பி வரும்போது முகத்தில் நிறைவு தெரிந்தது.

"என்னண்ணே சொல்றாரு?"

"காத்துல மூச்சு விட்டா வாசம் மாறுங்கிறான். நீ கெளம்பும்மா. நல்ல வேல பண்ணுன."

கணவர் வந்ததும் பைக்கை ஓரங்கட்டி, "எங்க, ஊது பாப்போம்" என்றார், போலீஸ்காரர் மாதிரி. ஊதினேன். நம்பாமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம். ஆனால் அண்ணனின் அந்த முகம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏமாற்றப்பட்ட ஆளின் முகம் அப்படி இருக்காதே.

சில வாரங்கள் கழித்து நடத்துகிறவர் ஆலைக்கு வந்தார். கோட்டு இல்லை, வெள்ளை வேட்டி. ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்து ஸ்வீட் பாக்ஸை நீட்டினார்.

"தங்கச்சி மூக்கு தங்க மூக்கு!"

அவர் போன பிறகு அண்ணன் அறைக்குப் போனேன்.

"அவரோட தொழில் சேரப்போறீகளாண்ணே?"

"சேந்தாச்சு. பாதிக்கு மேல பங்கு நமக்கு. மொதல்ல கால்வாசிதான் தாரேன்னான்."

"அன்னைக்கு அவர் பண்ணுனது தெரிஞ்சுமா?"

அண்ணன் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தெரிஞ்சதாலதாம்மா. தப்புப் பண்ணி மாட்டுனவன்தான் நாம சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவான். யோக்கியன்கிட்டப் போயி இம்புட்டுப் பங்கு கேக்க முடியுமா?"

"இனிமேலும் அப்படித்தான் ஊத்துவாரு. பாட்டில்ல அந்தம்மா பேருல்லண்ணே இருக்கு."

"அந்தம்மா இத்தாலில இருக்கு. நீ ஒன் வேலயப் பாரு."

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்பது அப்போதுதான் விளங்கியது. நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள இல்லை. நண்பனை மடக்குவதற்கு ஏதாவது ஒரு பிடி கிடைக்குமா என்று பார்க்க. அல்லது, அன்றைக்கு அப்படி எண்ணம் எதுவும் இல்லாமல் வந்து, பிடி கிடைத்ததும் பயன்படுத்திக்கொண்டாரோ. இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் ஆலையின் முத்திரையை ஒட்டி வேறு யாரோ கலப்படச் சாறு விற்றார்கள் என்று ஒருமுறை கேள்விப்பட்டபோது, அண்ணன் போட்ட கூச்சல் ரோடு வரை கேட்டது. அந்த இத்தாலியப் பெண்ணுக்குக் கூச்சல் போட விஷயமே தெரியாது. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மெயில் எழுதினேன். நான் முகர்ந்தது என்ன, எப்போது முகர்ந்தேன், எதனால் சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான். உங்கள் முதல் ஒயினில் நான் தவறாகச் சொன்னவள், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள் என்றும் சேர்த்தேன். கணவர் பின்னால் நின்று படித்தார்.

"வேல போயிரும்" என்றார்.

"போகாது."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு அனுப்பினேன்.

பதில் வரத் தாமதமானது. அந்த நாட்களில் அந்தப் பெண்ணையும் சந்தேகப்பட்டேன். அவருக்கும் இதில் பங்கு இருக்குமோ, என் மெயிலை அப்படியே நடத்துகிறவருக்கு அனுப்பிவிட்டிருப்பாரோ என்றெல்லாம் ஓடியது. பிறகு சுருக்கமாக வந்தது. நன்றி. விமானத்தில் கொண்டுவந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அன்று எத்தனை பேருக்கு ஊற்றியதாக அவர் பெருமையடித்தார் என்பதும் தெரியும், இரண்டும் பொருந்தவில்லை என்று முன்பே தோன்றியது, இனி அவருக்கு என் ஒயின் கிடையாது என்று எழுதியிருந்தார். மல்லிகை வாசத்தை மறக்கவில்லை என்றும் ஒரு வரி.

அடுத்த வாரம் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்தம்மா சரக்குத் தரமாட்டேன்னுருச்சு. மத்த இத்தாலிக்காரங்களும் பின்வாங்குறாங்க. அந்தம்மாகிட்ட யாரு சொன்னது?"

"நான்தாண்ணே."

மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். ஜன்னலுக்கு வெளியே லாரியிலிருந்து பூ மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா? நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்?"

"ஒரு கொறையும் இல்லண்ணே. நீங்க மோந்து பாத்துச் சொல்லச் சொன்னீங்க. யாருகிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லலியே."

சிரிப்பாரோ என்று ஒரு நொடி நினைத்தேன். சிரிக்கவில்லை. "போம்மா" என்றார். அந்த வாரம் முழுக்க என் சாமான்களை எடுத்துவைக்க ஒரு கட்டைப் பை கொண்டுபோய் வந்தேன். வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவருக்கு வேறு மூக்கு கிடைக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒன்று மாறியது. நான் பார்த்து முடிவு எழுதிய ஒவ்வொரு சாற்றிலும் ஒரு சின்னக் குப்பி இப்போது கொச்சியில் உள்ள வேறொரு ஆய்வகத்துக்கும் போகிறது. அண்ணன் என்னிடம் அதைச் சொல்லவில்லை. கூரியர்காரர் வாசலில் விலாசத்தைச் சத்தமாகப் படித்தபோது தெரிந்துகொண்டேன். இதுவரை அவர்கள் முடிவும் என் முடிவும் ஒத்துத்தான் போயிருக்கின்றன. ஆனாலும் அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் நிறுத்தியிருக்கமாட்டேன்.